படகுக்கும் ஒரு சும்மாடு



லக்ஷ்மிபாய் நகரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதில் தவறில்லை. இங்கிருந்து கடல் வெகு தூரம். மீனைப் பார்க்க வேண்டுமானால் ஐ.என்.ஏ. சந்தைக்குப் போக வேண்டும். அங்கேயும் ஐஸ் மேல் படுத்திருக்கும் மீனைத்தான் பார்க்கலாம். அதைப் பிடித்து வந்த படகைப் பார்க்க முடியாது.

ஆனால் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். யமுனையில் வெள்ளம் வந்தது. பழைய ரயில் பாலத்தில் ஆற்றின் உயரத்தை அளக்கிறார்கள். 205.33 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து. ஜூலை 13-ந் தேதி அது 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன்னால் 1978-இல் வந்த பெரிய வெள்ளத்தில்கூட 207.49 மீட்டர்தான். 45 ஆண்டு பழைய கணக்கை ஆறு அழித்து எழுதியது. காஷ்மீரி கேட், ராஜ்காட், ஐ.டி.ஓ. பக்கமெல்லாம் தண்ணீர். பஸ் ஓடிய சாலையில் படகு ஓடியது.

அந்தப் படகுகள் அங்கே எப்படி வந்தன? நீந்தி வரவில்லை. சாலை வழியாக வண்டியில் வந்தன.

தெற்கேயும் இதுதான் நடந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளைக் கடற்கரையிலிருந்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போனார்கள். மொத்தம் 669 மீன்பிடிப் படகுகள் போனதாகவும், 65,000 பேருக்கு மேல் காப்பாற்றப்பட்டதாகவும் கணக்குச் சொன்னார்கள். ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து, தம் முதுகையே படியாக்கினார். பெண்கள் அவர் முதுகில் கால் வைத்துப் படகில் ஏறினார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவியது.

அந்த முதுகை எல்லாரும் பார்த்தார்கள். படகின் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. மதில் சுவரிலும் கேட்டிலும் மோதி எத்தனையோ படகுகளின் அடிப்பாகம் கிழிந்தது. சேதமான படகுகளைப் பழுது பார்த்துத் தருவோம் என்று கேரள அரசு அறிவித்தது. படகு ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகச் சொன்னது. மதிலில் மோதிய சேதம் கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டிப் பணம் கேட்கலாம். வண்டியில் ஏற்றும்போதும், வண்டியில் போகும்போதும் வருகிற சேதம் அப்படி உடனே தெரிவதில்லை. அந்தச் சேதத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஓர் ஓட்டுநரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டை. வேலை தில்லியில். குடியிருப்பது லக்ஷ்மிபாய் நகரில், ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கத்து அறையில். மனைவி நாலு வீட்டில் சமையல் செய்கிறார். ஓட்டுநருக்குப் படகுகளை வாடகைக்கு விடும் ஒரு முதலாளியிடம் வேலை. ஜீப்பின் பின்னால் டிரெய்லர். டிரெய்லரின் மேல் ஒரு பைபர் படகு. ஆற்றங்கரைக்கும் ஏரிக்கும் அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீரில் இறக்க வேண்டும். மாலையில் திரும்ப ஏற்றிக் கொண்டுவர வேண்டும்.

ஒரு நாள் முதலாளி படகைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மயிரிழை மாதிரி விரிசல்கள். பின்பக்கத்தில் ஓர் இடம் உள்ளே அமுங்கியிருந்தது. "நீதான் எங்கேயோ கல்லில் மோதியிருக்கிறாய்" என்றார். பழுது பார்க்கும் செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுநர் எங்கேயும் மோதவில்லை. சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை. அன்றிரவு ஊரில் இருக்கும் தாய்மாமனுக்குப் போன் செய்தார். மாமா அறுபது வயது வரை கடலுக்குப் போனவர்.

"மாமா, படகு ஒரு கல்லையும் தொடலை. அடியில கீறல் விட்டிருக்கு. எப்படி மாமா?"

"படகு எது மேல உக்காந்திருக்கு மாப்ள?"

"டிரெய்லர்லதான்."

"அது தெரியும்டா. டிரெய்லர்ல எது மேல உக்காந்திருக்கு?"

ஓட்டுநருக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு போகிற வண்டி. ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"கட்டுமரத்துக்கு வயிறு கிடையாது மாப்ள. முழுசும் மரம். மணல்ல இழு, கல்லுல இழு, தாங்கும். பைபருக்கு வயிறுதான் உசுரு. நாளைக்குக் குனிஞ்சு பாத்துட்டுப் போன் பண்ணு" என்றார் மாமா.

மாமா சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. பெயரே அதுதான். ஆங்கிலக்காரன்கூட இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடலாம். ஒரு மரம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பைபர் படகு அப்படியில்லை. கண்ணாடியை இழையாக்கிப் பாய் மாதிரி செய்திருப்பார்கள். அந்தப் பாயை அடுக்கடுக்காக விரித்து, பிசின் ஊற்றி இறுக வைப்பார்கள். வெளிப்பக்கம் பளபளவென்று ஒரு மேல்பூச்சு இருக்கும். அதற்கு ஜெல் கோட் என்று பெயர். நம் தோல் மாதிரி அது. தோல் கிழிந்தால் கிருமி உள்ளே போகிறது. ஜெல் கோட் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் படகின் எடை கூடும். அடுக்குகள் மெல்ல மெல்லப் பிரியும். வெளியே பார்த்தால் ஒரு கீறல்தான். உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஒன்று தொடங்கியது. உலக உணவு, வேளாண்மை நிறுவனத்தின் திட்டம் அது. அலை அடிக்கிற திறந்த கடற்கரையில் ஏறி இறங்கக்கூடிய பைபர் படகுகளை அதில் செய்து பார்த்தார்கள். கரை தட்டும்போது எந்திரத்தை மேலே தூக்கிக்கொள்ள வழி செய்தார்கள். அடிப்பாகத்தைக் காப்பது அப்போதே பெரிய கேள்வியாக இருந்தது. பிறகு 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகள் கரைக்கு வந்து இறங்கின. நல்ல படகும் வந்தது, அவசரத்தில் செய்த மோசமான படகும் வந்தது. மெல்லிய அடி உள்ள படகை மணலில் இழுத்தவர்களுக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும்.

சரி, லக்ஷ்மிபாய் நகருக்குத் திரும்புவோம்.

மறுநாள் ஓட்டுநர் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நடுவில் வரிசையாக ரப்பர் உருளைகள். இரு பக்கமும் நீளமான இரண்டு தாங்கு பலகைகள். பலகைகள் மேல் பழைய கம்பளம் சுற்றியிருந்தது. முன்னால் ஒரு கம்பம். அதில் கைப்பிடி சுற்றிப் படகை இழுக்கும் விஞ்ச். எல்லாம் இருந்தன. ஆனால் இடது பலகை படகைத் தொடவே இல்லை! விரல் நுழையும் இடைவெளி. வலது பலகையும் முழுதாகத் தொடவில்லை. அதன் ஓரம் மட்டும் கத்தி மாதிரி படகைக் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு பலகைகளும் படகின் பின்முனைக்கு ஒரு முழம் முன்பே முடிந்துபோயின. படகின் மொத்த எடையும் இரண்டே இரண்டு உருளைகள் மேலும், ஒரு பலகையின் ஓரத்திலும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டார். "ஏங்க, தலையில குடம் தூக்கினா சும்மாடு வைக்கிறோம்ல? உங்க படகுக்குச் சும்மாடு யாருங்க வச்சா?"

கேள்வி சின்னது. விஷயம் முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. குடத்தின் அடி வட்டமானது. அதை அப்படியே தலையில் வைத்தால் எடை முழுதும் ஒரு புள்ளியில் அழுத்தும். உச்சி வலிக்கும். சும்மாடு வைத்தால் அதே எடை பரவி நிற்கும். குடம் லேசாகிவிடவில்லை. எடை பரவிவிட்டது.

தண்ணீரில் மிதக்கும்போது படகுக்கு இந்தக் கவலை இல்லை. தண்ணீர் படகின் அடியெங்கும் ஒட்டி நின்று தாங்குகிறது. ஓர் இடத்தையும் விடுவதில்லை. டிரெய்லரில் நாலைந்து இடம் மட்டுமே தாங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படகின் எடை 600 கிலோ என்று கொள்ளுங்கள். நாலு உருளைகள் மட்டும் தாங்கினால் ஓர் உருளைக்கு 150 கிலோ. உருளை படகைத் தொடும் இடம் 10 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 15 கிலோ அழுத்தம். அதே படகை 2 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு பலகைகள் முழுதாகத் தொட்டுத் தாங்கினால்? மொத்தம் 4,000 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டரில் 150 கிராம்தான். நூறில் ஒரு பங்கு. இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. தில்லிச் சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் அழுத்தம் இன்னும் பல மடங்கு கூடும்.

முதலாளி தேடிய கல் ஆற்றில் இல்லை. டிரெய்லரில் இருந்தது.

இனி அதை எப்படிச் சரிசெய்வது என்று பார்க்கலாம். அவசரப்பட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். படகு மேலே இருக்கும்போது தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தவே கூடாது. படகு சரிந்தால் அடியில் இருப்பவர் கதி என்ன? படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடுங்கள். தேர் இழுக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஊரே வடம் பிடித்தாலும் தேர் நிற்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

முதலில் நடு உருளைகள். டிரெய்லரின் முன்கொக்கியின் நடுவிலிருந்து கடைசி உருளையின் நடு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுகிறாரே, அதே மாதிரி. எல்லா உருளைகளின் நடுவும் அந்த நூலுக்கு நேராக வர வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருக்கக் கூடாது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உருளை மொத்தப் படகையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். படகின் நடு முதுகெலும்புக்கு நம் கடற்கரையில் ஏரா என்று பெயர். அங்கேதான் படகு மிகவும் பலமாக இருக்கும். உருளைகள் ஏராவைத் தாங்க வேண்டும். ஏராவை விட்டு விலகி, மெல்லிய பக்கவாட்டில் ஓர் உருளைகூடப் படக் கூடாது. உருளைகள் கையால் சுற்றினால் சுழல வேண்டும். துருப் பிடித்துச் சுழலாத உருளையும் கல்லும் ஒன்றுதான்.

அடுத்தது பலகைகள். இங்கேதான் பொறுமை வேண்டும். படகின் உட்பக்கத்தில் நீளவாக்கில் விலா எலும்பு மாதிரி பட்டைகள் ஓடும். பலகை அந்தப் பட்டைகளுக்கு நேர் கீழே வர வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் பலகை பட்டால் அடி உள்ளே அமுங்கும். எனவே உள்ளே பட்டை எங்கே இருக்கிறது என்று அளந்து, அதே அளவை வெளியே சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பலகையைத் தாங்கும் கால்களின் நட்டுகளைத் தளர்த்திப் பலகையை அந்தக் குறிக்கு நகர்த்துங்கள். பலகையின் சாய்வும் படகின் வயிற்றுச் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். சில டிரெய்லர்களில் பலகை ஒரே போல்ட்டில் ஊசலாடும்படி இருக்கும். அது தானே சாய்ந்துகொள்ளும். நம் ஓட்டுநரின் டிரெய்லரில் அந்த போல்ட் துருவேறி இறுகிப் போயிருந்தது. அதனால்தான் பலகை ஓரத்தால் குத்தியது. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்த பிறகுதான் அசைந்தது.

பலகையின் பின்முனை படகின் பின்முனை வரை கட்டாயம் வர வேண்டும். ஓரிரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் நல்லதுதான். படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். எந்திரம் தொங்குவது அமரத்தில். சின்ன எந்திரமே முப்பது நாற்பது கிலோ இருக்கும். அமரத்துக்குக் கீழே தாங்கல் இல்லாவிட்டால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது கீழே தொங்கும். நாளடைவில் அடிப்பாகம் பலகை முடியும் இடத்தில் வளைந்துபோகும். முதலாளி பார்த்த பள்ளம் அதுதான். அப்படி வளைந்த படகு தண்ணீரிலும் சரியாக ஓடாது. அணியம் தாழ்ந்து தண்ணீரைக் குத்தும். எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். நம் ஓட்டுநரின் பலகைகள் குட்டை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளப் பலகை வாங்க வேண்டியிருந்தது. கோட்லா முபாரக்பூர் மரக்கடையில் விசாரித்தால், பிடித்தம் போன சம்பளத்தை விடச் செலவு குறைவு!

பலகை மேல் கம்பளம் சுற்றும்போது ஒரு விஷயம். ஆணித் தலையோ திருகுத் தலையோ மேலே தெரியக் கூடாது. மரத்துக்குள் அமுங்கியிருக்க வேண்டும். கம்பளம் தேய்ந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது ஆணிதான். மணல் ஒட்டிய கம்பளம் உப்புத்தாள் மாதிரி படகைத் தேய்க்கும். எனவே ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இப்போது படகை ஏற்றிப் பார்க்கலாம். பலகை தொடுகிறதா, இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பழைய செய்தித்தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். பலகைக்கும் படகுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். தாராளமாக உள்ளே போய் வந்தால் அங்கே தாங்கல் இல்லை. நுழையவே இல்லை என்றால் அங்கே பாரம் இருக்கிறது. முன்னால், நடுவில், பின்னால் என்று பல இடத்தில் பாருங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகை மறுபடி இறக்கி, பலகையைக் கொஞ்சம் உயர்த்தி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். மூன்று நாலு தடவை ஆகும். சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் படகு அதே டிரெய்லரில் எத்தனை ஆண்டு ஓடினாலும் நடுநடுவே பார்த்துக்கொண்டால் போதும்.

முன் கம்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. படகின் அணியம் போய் முட்டி நிற்க அங்கே ஒரு ரப்பர் முட்டு இருக்கும். படகின் இழுவளையம் அந்த ரப்பருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். விஞ்சிலிருந்து வரும் பட்டை நேராகவோ, லேசாக மேல் நோக்கியோ இழுக்க வேண்டும். கம்பம் தாழ்வாக இருந்து பட்டை கீழ் நோக்கி இழுத்தால், நாமே கைப்பிடி சுற்றி அணியத்தை உருளை மேல் நசுக்குகிறோம் என்று பொருள்.

கம்பத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால் படகின் பாரமும் நகரும். கொக்கியின் மேல் விழும் எடை, படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு இருக்க வேண்டும். மொத்தம் 1,000 கிலோ என்றால் 50 முதல் 100 கிலோ. அதற்குக் குறைந்தால் பின்பாரம் அதிகமாகி வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். வண்டியையே கவிழ்த்துவிடும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பழைய சாமான் கடைக்காரரின் மேடைத் தராசைக் கேட்டு வாங்கி, கொக்கியை அதன் மேல் ஒரு கட்டை வைத்து நிறுத்தினால் போதும்.

டிரெய்லர் சரியாகிவிட்டது. ஆனாலும் ஏற்றும் விதம் தவறினால் படகு அடிபடும். எவ்வளவு ஆழத்துக்கு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குவது? இதில்தான் பலரும் தவறுகிறார்கள். சக்கரம் நனையக் கூடாது என்று கொஞ்சமாக இறக்கினால், படகின் அடி டிரெய்லரின் பின் இரும்பில் ஏறித் தேயும். விஞ்சைச் சுற்றுகிறவர் பலத்தைக் காட்டுவார். 'கிர்ர்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் ஜெல் கோட் உரிகிற சத்தம். அதற்குப் பயந்து மிக ஆழமாக இறக்கினால் வேறு தொல்லை. படகு பலகைக்கு மேலே மிதந்து ஆடும். டிரெய்லரை மேலே இழுக்கும்போது எங்கே வேண்டுமானாலும் கோணலாக உட்காரும். இரண்டு பலகையில் உட்கார வேண்டியது ஒரு பலகையில் உட்காரும்.

நடுவான ஆழம் எது? பலகைகளின் பின்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள்ளும், முன்பக்கம் ஒரு பங்கு வெளியிலும் இருக்கும்படி இறக்கிப் பாருங்கள். படகு முன்பக்கம் பலகையில் பிடித்து நிற்கும். பின்பக்கம் மிதக்கும். கடைசி ஒரு முழத்தை விஞ்ச் இழுத்துக்கொள்ளும். கரையின் சாய்வைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். சரியாக அமைந்த நாளில், தண்ணீர் எதுவரை வந்தது என்று சக்கரத்தின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உதவியாளரும் அந்தக் கோட்டைப் படித்துவிடுவார்.

வெள்ளக் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். சாலையே கரையாகிவிடும். தில்லிச் சாலை சமமாக இருப்பதால் வெகு தூரம் உள்ளே போனாலும் முழங்கால் ஆழம்தான் இருக்கும். படகு மிதக்காது. ஆட்கள் படகைத் தரதரவென்று இழுத்து இறக்குவார்கள். அடியில் தார், ஜல்லி, உடைந்த நடைபாதைக் கல். உயிர் காக்கும் அவசரத்தில் யாரும் படகைப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு சாதாரணக் காரியம் செய்யலாம். பழைய லாரி டியூப் நாலைந்தில் காற்றடித்து வண்டியிலேயே போட்டு வைத்தால், படகை அவற்றின் மேல் உருட்டி இறக்கலாம். நம் கடற்கரையில் உருளைக்கட்டை போட்டுப் படகு தள்ளுவதும் இதே வேலைதான். மிதக்கும் தண்ணீர் வரும் வரை உருட்டிக்கொண்டே போகலாம்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். நீண்ட தூரம் ஓட்டி வந்த சக்கரம் சூடாக இருக்கும். உடனே தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும். ஒரு டீ குடிக்கும் நேரம் ஆற விடுங்கள். இறுக்கிய விஞ்ச் பட்டைக்கு நேராக ஒருவரும் நிற்க வேண்டாம். அறுந்தால் சாட்டையாக அடிக்கும். படகு மேலே ஏறியதும் அடியில் உள்ள மூடியைத் திருகி உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே விடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அதையும் பலகைதான் சுமக்க வேண்டும். மறுநாள் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அந்த மூடியைப் போட மறந்துவிடாதீர்கள். மறந்தவர்கள் உண்டு. ஒரு முறைக்கு மேல் யாரும் மறந்ததில்லை.

புதிதாக இறுக்கிய நட்டுகளை முதல் பயணம் முடிந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். மரமும் ரப்பரும் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும். நட்டு தளரும்.

நம் ஓட்டுநர் இதையெல்லாம் ஒரே நாளில் செய்யவில்லை. முதலில் முதலாளியை டிரெய்லருக்கு அடியில் குனிய வைத்தார். அதுதான் எல்லாவற்றிலும் கடினம். காகிதத் துண்டை இடது பலகைக்கும் படகுக்கும் நடுவே நுழைத்துக் காட்டினார். காகிதம் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. வலப்பக்கம் நுழையவில்லை. முதலாளி ஒன்றும் பேசாமல் நிமிர்ந்தார். கைக்குட்டையால் முழங்காலைத் தட்டிக்கொண்டார். பலகை வாங்கப் பணம் கொடுத்தார். பிடித்த சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓட்டுநர் விடவில்லை. மாதக் கடைசியில் கேட்டார். பாதி கிடைத்தது. மீதியை அடுத்த மாதம் கேட்பதற்காக, காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார் அவர் மனைவி.

அன்றிரவு மாமாவுக்குப் போன் செய்தார்.

"மாமா, பலகை குட்டை. ஒரு பக்கம் தொடவே இல்லை. எல்லாம் மாத்தியாச்சு."

"பேப்பர் நுழையுதா?"

"நுழையலை மாமா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்குது."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"இங்க டிராக்டர் வச்சுதான் மேல இழுக்குறானுங்க மாப்ள. கயித்தக் கட்டி மணல்ல தரதரன்னு. நம்ம தம்பி படகு அடியும் போயிட்டு வருது. நீ அந்தப் பலகை நீளம், அகலம், உருளைக்கு உருளை எவ்வளவு தூரம், எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அனுப்பு. பழைய டயர் ரெண்டு கிடக்கு. வெல்டிங் பட்டறைல கேட்டுப் பாக்குறேன்."

ஓட்டுநர் மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். டார்ச்சையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு டிரெய்லர் நிற்கும் இடத்துக்குப் போனார்.